உடற்கசடு கழித்தல்

உடம்பினுள்ளே அழுக்குத் திரள்கின்றது, அதனைக் காலந்தோறும் வெளியேற்றிவிட வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டார்க்குப் புதியதன்று. இவ்விதழைப் படிப்பவருட் பலர் இளமையில், விடுமுறை நாளின் விடியற்காலையில், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி விளக்கெண்ணெயை விழுங்கினவரேயாவர். அதன் மணமும் வழவழப்பும் எம் நினைவைவிட்டு இன்னும் நீங்காமையால், இப்பொருளைப் பற்றி எழுதுங்கால் யாம் முற்றும் நடுநிலை வாய்ந்தோம் என்று கூறிக்கொள்ளத் துணியவில்லை. அப்பழைய வழக்கம் இப்பொழுது 'டீடாக்ஸ்' என்னும் புதுப்பெயர் பூண்டு வந்திருக்கின்றது. பெயர் மாறியதோடு மதிப்பும் விலையும் உயர்ந்துவிட்டன. எலுமிச்சஞ்சாறும் தேனும் கலந்த வெந்நீர், வெள்ளரியும் கீரையும் அரைத்த பச்சைச் சாறு, நிலாவரைப் பொடி, பேதியுப்பு என்னும் இவற்றை வரிசைப்படுத்தி, 3 நாள், 7 நாள், 21 நாள் என வகுத்து, வீட்டிலேயே செய்துகொள்ளலாம், தீங்கு சிறிதும் இல்லை என்று கைப்பேசி வாயிலாக ஊரெங்கும் பரப்புகின்றனர். எம் விடுதியிலும் இதனைச் செய்து பார்த்தவர் உளர். அவர்கள் மூன்றாம் நாள் மாலை இராயபுரத்துப் பரோட்டாக் கடையிற் காணப்பட்டமையால், அம்முயற்சியின் பயனை ஆராய எமக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று.

நிற்க. திருவொற்றியூரில் வாழும் எம் பெரியம்மாவும் சென்ற லெந்து நாட்களில் இதனை மேற்கொண்டார். உபவாசத்தோடு உபவாசமாக உடம்பையும் கழுவிக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. அவருக்கு வயது 50ஐக் கடந்துவிட்டது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர். 7 நாள் திட்டத்தை ஒரு தாளில் மணிக்கணக்கோடு எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தார். முதல் 2 நாளும் சாறும் நீருமே உணவு. மூன்றாம் நாள் இரவு நிலாவரைப் பொடி. சோற்றை நிறுத்தியவர் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாது விழுங்கிவந்தார். நான்காம் நாட் காலை, தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றவிடத்திற் கண் இருண்டு விழுந்தார். அக்கம்பக்கத்தார் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். இரத்தத்திற் சர்க்கரையும் உப்புக்களும் தாழ்ந்துவிட்டன என்று மருத்துவர் கூறி, 2 நாள் படுக்கையில் வைத்திருந்து அனுப்பினார்.

அவரைக் காணச் சென்ற யாம், படித்த பிள்ளைகளுக்குரிய செருக்கோடு அறிவுரை கூறப் புகுந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, மாடியில் உலர்த்துகிற வெள்ளை வேட்டியிலே படிகிற கரியை நீயும் பார்த்திருக்கிறாய். துணிக்கே அவ்வளவு என்றால் என் நெஞ்சுக்குள்ளே எவ்வளவு இருக்கும்? அதை எடுக்க வேண்டாமா? பேதி மருந்து ஆகாது என்கிறாய், சரி. பின்னை நான் என்னதான் செய்யட்டும்?"

அவ்வினாவிற்கு அன்று எம்மிடம் விடை இல்லை. இக்கட்டுரை அதனைத் தேடியதனால் விளைந்ததே.

முதற்கண் ஒன்றைக் கூறிவிட வேண்டும். நகரின் தென்பாகத்திலும் மேல்பாகத்திலும் வாழும் செல்வர் பொழுதுபோக்காகச் செய்யும் உடற்சுத்தி வேறு. இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நம்மவர் அஞ்சிச் செய்யும் உடற்சுத்தி வேறு. நம்மவர் அச்சம் வீண் அச்சமன்று. எண்ணூர் அனல் மின்னிலையம் 1970 முதல் 2017 வரை நிலக்கரி எரித்தது. அத்திப்பட்டைச் சார்ந்த வடசென்னை அனல் மின்னிலையம் 1994 முதல் எரித்துவருகின்றது. அதன் சாம்பற் குழம்பு குழாய் வெடிப்புக்களின் வழியே கொசத்தலையாற்றின் கழிமுகத்திற் கலந்தமை பலமுறை கண்டு எழுதப்பட்டது. 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியபொழுது, கரையொதுங்கிய எண்ணெய்க் குழம்பை மக்கள் வாளிகளால் முகந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குரிய கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிய, மக்கள் உறக்கத்தினின்று எழுந்து இருளில் ஓடினர். 50க்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். இத்தகைய இடத்தில் வாழும் ஒரு பெண்மணி 'என் உடம்பில் நஞ்சு ஏறுகின்றது' என்று கூறினால், அவரை மூடநம்பிக்கையுடையார் என்று நகைப்பவரே நகைக்கத்தக்கவர். பெரியம்மா நோயைச் சரியாகவே உணர்ந்தார். அவர் கைக்கொண்ட மருந்துதான் அந்நோய்க்கு உரியதன்று.

என்னை? நஞ்சு உடம்பிற் புகும் வழியையும், தங்கும் இடத்தையும் சிறிது நோக்குவோம். காற்றோடு வரும் பருந்தூளை மூக்கின் மயிரும் மூச்சுக்குழலின் கோழையும் பிடித்து வெளித்தள்ளுகின்றன. நுண்ணிய தூளோ நுரையீரலின் அடிவரை செல்கின்றது. அங்குள்ள உயிரணுக்கள் அதனை விழுங்கி இயன்றமட்டும் அகற்றுகின்றன. எஞ்சியது அங்கேயே தங்கும். குடலிற் செல்லும் விளக்கெண்ணெய் நுரையீரலுக்கு எவ்வழியாற் போகும்? இனி ஈயம் முதலிய உலோகங்களோ இரத்தத்திற் கலந்து, பின்பு எலும்பில் ஏறிப் படிகின்றன. வளர்ந்தவர் உடம்பில் உள்ள ஈயத்திற் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் எலும்பிலேயே இருக்கும். அது கரைந்து நீங்கப் பல்லாண்டுகள் ஆகும். எலும்பினுள் உறையும் ஒன்றைக் குடலைக் கழுவி எடுத்துவிடலாம் என்பது, கிணற்றிலே விழுந்த குடத்தைத் தெருக் குழாயில் தேடுவது போலும்.

மற்றை நஞ்சுகளை நீக்கும் தொழிலுக்கு உடம்பே இரண்டு உறுப்புக்களை வைத்திருக்கின்றது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஈரல், நீரிற் கரையாதவற்றைக் கரையுமாறு மாற்றிப் பித்தநீர் வழியாகவும் சிறுநீர் வழியாகவும் அனுப்புகின்றது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீரை வடித்து, வேண்டுவனவற்றையெல்லாம் மீட்டுக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவையே வெளிவிடுகின்றன. இவ்விரண்டும் நலமாயிருப்பின் பச்சைச் சாற்றின் உதவியை அவை வேண்டுவதில்லை. நலங்குன்றியிருப்பின், அச்சாறே அவற்றிற்குப் பகையாகும். அதற்குச் சான்று நம் அண்டை நாட்டிலேயே உண்டு. கேரளத்தில் பிலிம்பிக் காயைச் செறிவாகப் பிழிந்து குடித்த 10 பேர் சிறுநீரகம் பழுதுற்று மருத்துவமனை சேர்ந்த செய்தியை 2013இல் மருத்துவர் வெளியிட்டனர்; அவருள் 7 பேருக்கு இரத்தச் சுத்திகரிப்பு வேண்டியிருந்தது. அக்காயில் உள்ள ஆக்சலிக் அமிலம் சிறுநீரகத்திற் படிகமாகத் தேங்கியதே காரணம். பசலை முதலிய சில கீரைகளிலும் அவ்வமிலம் உண்டு. கூட்டாக வேகவைத்து உண்ணும் கீரைக்கு அஞ்சவேண்டா. நாள்தோறும் பச்சையாக அரைத்துக் குவளை குவளையாகக் குடிப்பதே ஆபத்து. சீந்திற் கொடியும் அவ்வாறே. பெருந்தொற்றுக் காலத்தில் எதிர்ப்பாற்றல் வேண்டி அதனைத் தாமே காய்ச்சிக் குடித்தவருட் சிலர் ஈரல் அழற்சியுற்றதை மும்பை மருத்துவர் 2021இல் எழுதினர்.

'அப்படியாயின் நம் முன்னோர் பேதிக்கு மருந்துண்ணச் சொன்னது பிழையோ?' என்று தமிழ் பயில்வார் எம்மை வினவுவர். வினவவேண்டியதே. தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி, 6 திங்களுக்கு ஒருமுறை வமனமும் 4 திங்களுக்கு ஒருமுறை பேதியும் கொள்ளச் சொல்கின்றது. ஆனால் அந்நூலார் எதற்காகச் சொன்னார் என்று நோக்குதல் வேண்டும். வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றனை நிலையில் நிறுத்துதற்கு அவர்கள் வகுத்த முறை அது. பேதி வாதத்திற்கு, வமனம் பித்தத்திற்கு என்று அதற்கு வரையறையும் உண்டு. நோயாளியின் வலியும் வயதும் பருவமும் அறிந்து, மருந்தின் அளவறிந்து, மிகுந்தால் நிறுத்தவும் அறிந்த மருத்துவன் அருகில் இருந்து கொடுப்பது அது. நிலக்கரிச் சாம்பலையும் ஈயத்தையும் நீக்குதற்கு அவர் அதனை விதிக்கவில்லை; அவர் காலத்தில் எண்ணூரில் புகைபோக்கி இல்லை. சித்த மருத்துவத்தைப் பழிப்பது எம் நோக்கமன்று. நிலாவரை 'திருநெல்வேலி சென்னா' என்னும் பெயரோடு உலகெங்கும் மருந்துக் கடைகளிற் புகழ்பெற்றது என்பதில் எமக்குப் பெருமையே. மலச்சிக்கலுக்கு அது மருந்து. அதனை உண்டவுடன் உடம்பு எடை குறைந்ததுபோற் காண்பது நீரும் உப்பும் வெளியேறியதனாலே. அவ்வுப்புக்களுள் பொட்டாசியம் தாழ்ந்தால் நெஞ்சத் துடிப்பே நிலைதடுமாறும்.

இவ்வெண்ணத்தை நம் நாட்டார் மட்டும் கொண்டிருந்தனர் என்றும் நினைக்கவேண்டா. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், பெருங்குடலிலே தேங்கும் மலம் இரத்தத்தில் நஞ்சைப் பரப்புகின்றது என்னும் கொள்கை ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஆட்டிவைத்தது. இலண்டன் மாநகரத்து அறுவை மருத்துவர் சர் ஆர்புத்னாட் லேன் என்பார், மலச்சிக்கலுற்றோர் பலருக்குப் பெருங்குடலையே அறுத்து எடுத்தார். பின்பு 1922இல் டொனால்ட்சன் என்னும் ஆராய்ச்சியாளர், நலமுள்ள சிலருடைய மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்தபொழுது, தலைவலி, சோர்வு முதலிய அதே குறிகள் தோன்றின. பஞ்சை எடுத்தவுடன் நீங்கின. பஞ்சிலே நஞ்சு ஏது? இவ்வளவில் அக்கொள்கை மருத்துவ உலகிற் செல்வாக்கிழந்தது. கடைத்தெருவில் இழக்கவில்லை. 2009இல் இங்கிலாந்தில் இளம் ஆராய்ச்சியாளர் சிலர் கூடி, இத்தகைய பொருள்கள் 15இனைச் செய்து விற்போரை அணுகி, 'எந்த நஞ்சை, எவ்வாறு நீக்குகின்றீர்?' என்று வினவினர். இருவரேனும் ஒரே பொருளில் அச்சொல்லை வழங்கக் காணோம் என்று அவர்கள் எழுதினர். ஆலிவ் எண்ணெயும் பேதியுப்பும் குடித்தவுடன் வெளிப்படும் பச்சை உருண்டைகளைப் பித்தக் கற்கள் என்று காட்டி மகிழ்வாரும் உளர். 2005இல் அவற்றைச் சோதித்தவர் கண்டது, குடித்த எண்ணெயே வயிற்றில் சவர்க்காரமாக உறைந்தது என்பதே.

யாம் பெரிதும் அஞ்சுவது வேறொன்று. நஞ்சை நீக்க உண்ணும் பொருளிலேயே நஞ்சு இருத்தல் கூடும். அமெரிக்காவின் போஸ்டன் நகர்க் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 70இனை ஆராய்ந்தபொழுது, அவற்றுள் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்ததென 2004இல் வெளியிட்டனர். முத்திரையும் செய்தோர் பெயரும் இல்லாப் பொடிகளை நம் வீட்டார் தொடாதிருப்பதே நன்று. மஞ்சளைப் பாருங்கள்: எந்த உடற்சுத்தித் திட்டத்திலும் மஞ்சள் நீருக்குத் தவறாது இடமுண்டு. வங்காள தேசத்தில் விற்ற மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட் என்னும் சாயப்பொடியைக் கலந்தமை 2019இல் வெளிப்பட்டது. சோதித்த மஞ்சளில் 47 விழுக்காடு அத்தகையது. அவ்வரசு என் செய்தது? மக்களை நோக்கி, 'பேதி மருந்து உண்ணுங்கள்' என்று கூறவில்லை. சந்தைகளிற் புகுந்து சோதித்தது, தண்டம் விதித்தது, செய்தித்தாள்களில் அறிவித்தது. 2021இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றிலேனும் அச்சாயம் இல்லை.

பெரியம்மாவின் வினாவிற்கு விடை இவ்விடத்தே தொடங்குகின்றது. நஞ்சைக் கழித்தல் என்பது நுழையும் வழியை அடைத்தலே. இது எம் கருத்தன்று; சிறுவர் இரத்தத்தில் ஈயம் ஏறியவிடத்துச் செய்யவேண்டுவன பற்றி உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதனையே கூறுகின்றது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அளவு கண்டவுடன், ஈயம் எங்கிருந்து வருகின்றது என்று தேடி, அதனை நிறுத்துதலே முதல் மருத்துவம். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளைகளுக்கு அவற்றை ஊட்டுதல் அடுத்தது. ஈயத்தைப் பற்றியிழுக்கும் மெய்யான மருந்துகளும் உண்டு. அவை 45 மைக்ரோகிராமை எட்டிய பிள்ளைகளுக்கு மருத்துவர் கண்காணிப்பிற் கொடுப்பன, வீட்டில் உண்பன அல்ல. சென்னைப் பள்ளிச் சிறுவர் 700 பேருக்கு மேல் ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையொன்றிற் சராசரி அளவு 11 மைக்ரோகிராமுக்கு மேலிருந்தது என்பதை நம்மவர் மறத்தலாகாது. அதன்பின் அளவு குறைந்திருக்கலாம். நம் பகுதிப் பிள்ளைகளை அளந்து பார்த்தாலன்றித் தெரியாது.

இனி, வீட்டளவிற் செய்யத்தக்கன யாவை? பெரியம்மாவின் சுவரில் இப்பொழுது வேறொரு தாள் ஒட்டியிருக்கின்றது. அதனை எழுதியவர் யாமும் அவருமே. காய்ந்த துடைப்பத்தால் தரையைப் பெருக்குதலை அவர் விட்டுவிட்டார். பெருக்குங்கால் எழும் தூள் மீண்டும் மூச்சிலேயே புகும். ஆதலின் ஈரத்துணியால் தரையையும் பலகணிச் சட்டங்களையும் துடைக்கின்றார். செருப்பு வாயிலுக்கு வெளியே நிற்கும். பெரியப்பா சரக்குப் பெட்டகங்கள் ஏற்றியிறக்கும் முற்றத்தில் வேலை செய்பவர். அவர் வேலையுடுப்பு குழந்தைகள் துணியோடு ஊறுவதில்லை, தனி வாளியில் ஊறும். பேரப்பிள்ளை தவழும் பருவத்தது. தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும், ஆதலின் உணவுக்குமுன் அதன் கையைக் கழுவுதல் எந்தச் சாற்றினும் மேலான மருந்து. உரிந்து விழும் பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டுவதும் கூடாது. வீட்டு வண்ணங்களில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாதவாறு கட்டுப்படுத்தும் விதி 2017இலேதான் நடைமுறைக்கு வந்தது.

உணவைப் பற்றி அவருக்கு யாம் கூறியது சுருக்கமே: பட்டினி வேண்டா. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை மிகுதியாக உறிஞ்சும். எனவே கேழ்வரகும் முருங்கைக்கீரையும் காசிமேட்டு நெத்திலியும் அவர் உணவிலே மீண்டும் இடம்பெற்றன. சிறுமீன்களிற் பாதரசம் குறைவு. சுறா முதலிய பெருமீன்களில் மிகுதி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று சுறாப்புட்டு ஊட்டும் நம் கடற்கரை வழக்கத்தை இதன்பொருட்டு இடைவிட வேண்டியிருக்கும். இதனைக் கூறியபொழுது பெரியம்மா எம்மை நோக்கிய நோக்கு இன்னும் எம்மைச் சுடுகின்றது. தண்ணீரைத் தாகத்தின் அளவிற் குடித்தல் போதும். குடங்குடமாகக் குடித்தால் இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போகும்.

மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்துவதும், உணவை நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடர்வதும் ஒன்றுபோற் கேடு. நீரிழிவாளர், சிறுநீரக நோயர், கருவுற்றோர், பால் கொடுப்போர், முதியோர், சிறுவர் ஆகியோர்க்கு வீட்டிற் பேதியும் நெடும்பட்டினியும் எக்காலத்தும் ஆகா. சிறுநீரகமும் ஈரலும் நலமாயுளவோ என்று அறிய விரும்புவார்க்கு ஓர் இரத்தச் சோதனையும் சிறுநீர்ச் சோதனையும் போதும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை நம்மவர்க்குத் தொலைவன்று. மதுவும் புகையிலையும் உடையார் அவற்றை விடுதல் மற்றெல்லாவற்றினும் பெரிய கழிச்சல். கல்லூரி இதழ்க்கு உரிய பிரசங்கம் தொடங்கிற்று என்று வாசகர் அஞ்சவேண்டா. அதனை இவ்வொரு வாக்கியத்தோடு நிறுத்துகின்றோம்.

வீட்டிற்குள்ளே நாமே எழுப்பும் புகையைப் பற்றியும் ஒரு சொல். பக்கிங்காம் கால்வாயின் இருமருங்கும் வாழ்வார்க்குக் கொசுவர்த்தி இன்றி உறக்கம் இல்லை. மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடியுங்கால் வெளிப்படும் நுண்தூள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் தூளுக்கு ஒப்பாகும் என்று 2003இல் அளந்து கூறினர். அனல் மின்னிலையத்தை வைதுகொண்டே தலைமாட்டில் அதன் குட்டியொன்றை நாம் எரிக்கின்றோம். பெரியம்மா வீட்டில் இப்பொழுது கொசுவலை. போகியும் அத்தகையதே. வீட்டைத் தூய்மை செய்து பழையன கழிக்கும் நாளன்று, டயரையும் ஞெகிழியையும் தெருவிற் கொளுத்தி, கழித்தவற்றையெல்லாம் மூச்சுவழியே திரும்பப் பெற்றுக்கொள்கின்றோம். 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் விமானங்கள் இறங்க இடங்காணாமல் திரும்பியமை பலர்க்கும் நினைவிருக்கும்.

ஆயினும் ஈரத்துணிக்கும் ஓர் எல்லை உண்டு. காலையில் துடைத்த பலகணியில் மாலையில் மீண்டும் கரி படிகின்றது. இதனைப் பெரியம்மா எமக்கு விரலால் தொட்டுக் காட்டினார். துடைப்பவர் கையினால் முடியாதது புகைபோக்கி உடையவர் கையில் இருக்கின்றது. நிலக்கரி எரிக்கும் நிலையங்கள் தூளையும் கந்தகப் புகையையும் இவ்வளவிற்கு மேல் விடலாகாது என்று நடுவண் அரசு 2015 டிசம்பரில் விதி வகுத்து, 2 ஆண்டு தவணை கொடுத்தது. கந்தகப் புகை பற்றிய தவணை அதன்பின் பலமுறை நீட்டப்பட்டது. 2025இல் நாட்டின் பெரும்பாலான நிலையங்கட்கு அப்புகையை நீக்கும் கருவி வேண்டுவதில்லை என்றே தளர்த்திவிட்டனர். திருவொற்றியூரில் ஒரு பெண்மணி தம் உடம்பைக் கழுவ 7 நாள் தவணை வைத்துக்கொள்கின்றார். எண்ணெயும் நிலக்கரியும் கையாளும் பெருநிறுவனங்கள் தத்தம் வாயைக் கழுவிக்கொள்ளப் பத்தாண்டும் போதவில்லை. உடற்சுத்தி என்னும் சொல் நம் பகுதியில் வழங்குந்தோறும் எமக்கு உறுத்துவது இதுவே: காற்றைக் கெடுப்பவன் கடமை, அதனைச் சுவாசிப்பவன் வயிற்றின்மேல் ஏற்றப்படுகின்றது. 2000ஆம் ஆண்டில் இந்நாட்டுப் பெட்ரோலினின்று ஈயத்தை நீக்கியபொழுது, எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு எந்தச் சாறும் பிழியவில்லை. ஆயினும் அந்தப் பிள்ளைகள் சுவாசித்த காற்றில் ஈயம் குறைந்தது.

'எனக்கு நன்மையாகவே இருந்தது. உடம்பு இலேசாயிற்று' என்று எம் வகுப்புத் தோழர் ஒருவர் வாதாடுகின்றார். அதனை யாம் மறுக்கவில்லை. ஒரு வாரம் எண்ணெய்ப் பலகாரமும் இனிப்பு நீரும் ஒழித்து, இரவு 10 மணிக்கு உறங்கியவர்க்கு உடம்பு இலேசாதல் இயல்பே. நலமுள்ள இளைஞர் ஒருவேளை உணவை விடுத்துக் கஞ்சி குடிப்பதிற் பிழையொன்றும் இல்லை; நம் பாட்டிமார் சொல்லும் லங்கணமும் அவ்வளவே. அவ்விலேசுத் தன்மையை நஞ்சு நீங்கியதன் அடையாளம் என்று கொண்டு, அக்கொள்கையை 50 வயதான நீரிழிவாளர்க்கு அவர் அனுப்பிவைத்தார் பாருங்கள், அதிலேதான் எமக்கும் அவர்க்கும் வழக்கு. பெரியம்மாவிற்கு அத்திட்டத்தை அனுப்பியவர் அவரல்லர் என்பதையும் நடுநிலை கருதிக் கூறிவிடுகின்றோம்.

நம் கல்லூரிப் பழைய மாணவருள் மருத்துவராயும், துறைமுகத்திலும் மணலித் தொழிற்சாலைகளிலும் பொறியாளராயும் இருப்பார் பலர் இவ்விதழைப் படிக்கின்றனர். அவர்களுக்கு எம் வேண்டுகோள் இரண்டு. மருத்துவராயுள்ளார், எண்ணூர், திருவொற்றியூர்ப் பள்ளிச் சிறுவர்க்கு இரத்தத்தில் ஈய அளவு காணும் முகாம் ஒன்றை நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவரோடு சேர்ந்து நடத்த முன்வருவாராக. ஒரு துளி இரத்தத்தில் அதனை முதற்கட்டமாக அளக்கும் கருவிகள் உள. பொறியாளராயுள்ளார், தத்தம் நிலையத்தின் தூள்பிடிக்கும் கருவி எவ்வாறு இயங்குகின்றது, எப்பொழுது நிற்கின்றது என்பதை அடுத்த ஆண்டு இதழில் எளிய தமிழில் எழுதுவாராக. பெரியம்மாவுக்கு வரும் சனிக்கிழமை சிறுநீரகச் சோதனை. யாமும் உடன் செல்கின்றோம். முடிவு வரும்வரை நிலாவரைப் பொடி டப்பா எம் விடுதி அறையிலேயே இருக்கும்.